பழைய பேனையும் புதிய நிப்பும்: பழுதுபார்த்தலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருள் தன் தொழிலைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும்வரை அதன் உறுப்புகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழுதுற்ற பின்னரே அது பல உறுப்புகளால் ஆனது என்பது புலப்படுகின்றது. எழுதும்போது பேனை ஒன்றே. மை வராது நின்றபோது அது மூடி, உடல், கழுத்து, நிப்பு, நாக்கு, மைப்பை எனப் பலவாகிவிடுகின்றது. எதனை மாற்றுவது, எதனை விடுவது என்னும் வினா அப்பொழுது பழுதுபார்ப்போன் முன் எழுகின்றது. கைத்தொழில் சார்ந்த வினாவாகவே இது தோன்றும். ஆயின் மெய்யியலின் மிகப் பழைய வினா ஒன்றும், அதனினும் அவசரமான அறவினா ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளன. உறுப்புகள் மாறிய பின்னும் பொருள் அதுவேதானா என்பது முன்னையது. மாற்றுவோனுக்கு மாற்றுவதற்குள்ள உரிமை எவ்வளவு என்பது பின்னையது. முன்னைய வினாவுக்கு முடிந்த விடை கிட்டாதவிடத்தும் பின்னையதற்கு விடை காணல் கூடும் என்பதே ஈண்டு நிறுவ முயலப்படுவதாகும்.

ஊற்றுப்பேனையின் அமைப்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் இதற்கு இன்றியமையாதது. நிப்பின் அடியில் நாக்குப் போலப் படிந்திருக்கும் கட்டையில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே மயிர்த்துளைத் தன்மையினால் மை கீழிறங்க, இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று மேலேறும். மையும் காற்றும் எதிரெதிரே செல்லும் இவ்வழியைச் சீர்செய்ததே 1884இல் லூயிஸ் எட்சன் வோட்டர்மன் காப்புரிமை பெற்ற பேனையின் சிறப்பாகும். பழைய பேனைகளில் இந்நாக்கு எபனைற்றினால், அஃதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கப்பட்ட இறப்பரினால், செய்யப்பட்டது. 1908இல் வோல்ற்றர் ஷீபர் காப்புரிமை பெற்ற முறையில், உடலின் பக்கத்தேயுள்ள சிறு நெம்புகோல் உள்ளேயிருக்கும் இறப்பர்ப் பையை அமுக்கிவிட, அது விரியும்போது மையை உறிஞ்சிக்கொள்கின்றது.

இவ்வுறுப்புகள் யாவும் ஒரே ஆயுளுடையன அல்ல. இறப்பர்ப் பை சில பத்தாண்டுகளில் இறுகி, நொறுங்கிப் போகின்றது. பொன் நிப்போ நீடு வாழ்வது. இருபத்துநான்கு பங்கில் பதினான்கு பங்கு பொன் கலந்த உலோகத்தை நிப்புக்குத் தெரிந்தெடுத்தமைக்கு ஆடம்பரம் மாத்திரம் காரணமன்று. இரும்புச் சத்துக் கலந்த பழைய மைகள் அமிலத்தன்மை உடையன. அவை உருக்கை அரிக்கும், பொன்னை அரிக்கா. ஆயினும் பொன் மென்மையானது. ஆதலின், தாளைத் தொடும் நுனியில் ஒஸ்மியம், இரிடியம் முதலிய கடிய உலோகங்கள் கலந்த சிறு மணியொன்று ஒட்டவைக்கப்பட்டது. ஆகவே பழைய பேனையொன்று பழுதுபார்க்கப்படும்போது மைப்பையை மாற்றுவது பற்றி எவரும் மனம் வருந்துவதில்லை. நிப்பை மாற்றும்போதே கை தயங்குகின்றது. இத்தயக்கம் வெறும் பற்றினால் எழுவதா, அன்றி அதற்கு நியாயம் ஏதும் உளதா?

உறுப்பு மாற்றம் பற்றிய வாதம் புளூட்டாக் கூறும் தெசியசின் கப்பலோடு தொடங்குவது வழக்கம். முப்பது துடுப்புகளையுடைய அக்கப்பலை ஏதென்சு மக்கள் நெடுங்காலம் பேணினர். உளுத்த பலகைகளைக் களைந்து உறுதியான புதுப் பலகைகளைப் பொருத்தினர். அது அதே கப்பல் என ஒரு சாராரும், அன்று என மறு சாராரும் வாதிட்டனர். 1655இல் வெளியான நூலொன்றில் தோமஸ் ஹொப்ஸ் இதனை மேலும் கூர்மையாக்கினார். களையப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் பொருத்தி மற்றொரு கப்பலை அமைப்பானாயின், இரண்டில் எது தெசியசின் கப்பல் என்பது அவர் எழுப்பிய வினா.

கீழைத்தேயச் சிந்தனையும் இவ்வினாவைத் தன் வழியில் எதிர்கொண்டது. அச்சு, சில்லு, நுகம் ஆகியவற்றுள் எதுவும் தேர் அன்று, அவற்றின் வேறாயும் தேர் இல்லை, தேர் என்பது வழக்கில் வந்த பெயரே என மிலிந்த பஞ்ஞ என்னும் பாளி நூலில் நாகசேன தேரர் மன்னனுக்கு உணர்த்துகின்றார். இதற்கு மாறாக, அவயவங்களின் வேறாய் அவயவி என ஒன்று மெய்யாகவே உண்டு என்பர் நையாயிகர். இவ்விரு கொள்கைகளுள் எதனை ஏற்பினும் பழுதுபார்ப்போனுடைய இடர் தீர்ந்துவிடுவதில்லை. பேனை என்பது பெயரளவே எனக் கொண்டாலும், அப்பெயரை நம்பியே அது கைமாறுகின்றது. முழுமை ஒன்று மெய்யாகவே உண்டு எனக் கொண்டாலும், எவ்வுறுப்பை எவ்வளவு மாற்றலாம் என்பதை அம்முழுமை எடுத்துச் சொல்வதில்லை.

மேலும், கப்பலுக்கும் பேனைக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. கப்பலில் ஒரு பலகை மற்றொரு பலகையைப் போன்றது. பேனையின் உறுப்புகள் அவ்வாறு தம்முள் ஒத்தன அல்ல. அவற்றின் நிலையும் பேனைக்குப் பேனை வேறுபடும். 1858இல் தொடங்கப்பெற்ற எஸ்டர்புறூக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1930களிலிருந்து விற்ற பேனைகளில் நிப்பும் நாக்கும் ஒன்றாய் இணைந்து, திருகிக் கழற்றத்தக்க தனி உறுப்பாய் அமைந்தன. நுண்ணிய எழுத்துக்கு 2556, நடுத்தர எழுத்துக்கு 2668 என நிப்புகள் இலக்கமிடப்பட்டிருந்தன. வாங்குவோர் தம் கைக்கு உகந்ததைத் தெரிந்து பொருத்தினர். தேய்ந்தபோது மற்றொன்றை வாங்கினர். இத்தகைய பேனையில் நிப்பை மாற்றுதல் அதன் இயல்புக்கு மாறானதன்று. அதன் இயல்பே அதுவாகும். இதற்கு எதிர்முனையில் நிற்பது 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51. அதன் நிப்பு ஏறக்குறைய முழுவதும் ஓர் உறையினுள் மறைந்திருக்கும். அதனை அணுக வேண்டுமாயின் உறையை மெல்லச் சூடாக்கி, ஒட்டு இளகிய பின் திருக வேண்டும். எழுதுவோன் தானே மாற்றிக்கொள்வதற்கு அமைக்கப்பட்ட நிப்பன்று அது. ஒரே தொழில் முன்னையதில் பயன்பாடாகவும் பின்னையதில் சிகிச்சையாகவும் அமைகின்றது.

இதிலிருந்து, ஆக்கியோனின் கருத்தே அளவுகோல் என முடிவுசெய்ய மனம் விழையும். அம்முடிவு பாதி உண்மையே. பேனை ஆக்கியோனின் கையிலிருந்து நீங்கிய பின் வேறொருவர் கையில் வாழத் தொடங்குகின்றது. அவ்வாழ்வு பேனையின்மீது தன் தடத்தைப் பதிக்கின்றது. பொன் நிப்பு எழுதுவோரின் கைக்கேற்ப வளைந்து பழகிவிடும் எனப் பலர் கூறுவர். முறையாக எழுதுபவரிடத்தில் மாறுவது பொன்னன்று. நுனியிலுள்ள கடிய மணியே சிறிது சிறிதாகத் தேய்கின்றது. ஒருவர் பல ஆண்டுகள் ஒரே சாய்வில் பிடித்து எழுதுவாராயின் அம்மணியின் ஒரு பக்கம் தட்டையாகின்றது. அத்தட்டையான பரப்பு அவர் கையின் சாய்வையும், விரல்கள் பேனையைத் திருப்பிப் பிடித்த கோணத்தையும் காட்டிநிற்கும். கடிதங்கள் எரிந்து போகலாம். கொப்பிகள் செல்லரித்துப் போகலாம். எழுதியவர் எதை எழுதினார் என்பதை நிப்பு சொல்லாது. எவ்வாறு எழுதினார் என்பதை மாத்திரம் அது வைத்திருக்கும். நிப்பை மாற்றும்போது எழும் தயக்கத்தின் நியாயம் இங்கேதான் உள்ளது.

இனி, ஒருவருக்கு அவர்தம் பாட்டனாரின் பேனை வந்துசேர்கின்றது எனக் கொள்க. பாட்டனாரின் கைக்குத் தேய்ந்த அந்நிப்பு பேரனின் கையில் வேறு கோணத்தில் தாளைத் தொடுகின்றது. தட்டையான பரப்பின் விளிம்பு தாளைக் கீறுகின்றது. பேரன்முன் மூன்று வழிகள் உள. பேனையை எழுதாது பெட்டியில் வைத்துவிடலாம். நுனியை நுண்ணிய அரத்தாளில் உரைத்துத் தன் கைக்கேற்றவாறு ஆக்கலாம். நிப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம்.

முதல்வழி பணிவுடையது போலத் தோன்றும். ஆயின் காணாத கண் பெயரளவில் மாத்திரமே கண் என்றார் அரிஸ்டோட்டில். கல்லிற் செதுக்கிய கண்ணும் அவ்வாறே. எழுதாத பேனையும் அத்தகையதே. அதன் பொருண்மை முழுவதும் காப்பாற்றப்பட்டுள்ளது. அதனைப் பேனையாக்கியது எதுவோ அது காப்பாற்றப்படவில்லை. பாட்டனார் அதனை எழுதுவதற்கே வைத்திருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் வழி பெரும்பாலோர் மனத்துக்கு உகந்தது. பழைய நிப்பே இருக்கின்றது, சிறிது சீர்செய்யப்பட்டது, அவ்வளவே என அவர்கள் அமைதியுறுவர். ஆழ்ந்து நோக்கின் மூன்று வழிகளிலும் இழப்பு மிகுந்தது இதுவே. உரைக்கும்போது அழிவது எது? பாட்டனாரின் கை பதித்த அதே பரப்பு. உரைத்த மணியை மீண்டும் வளர்த்தல் இயலாது. நிப்பு அதே உலோகம், அதே இடத்தில் இருக்கின்றது. அதனைப் பேணத் தூண்டிய காரணம் தூளாகிப் போய்விட்டது. பொருளின் ஒருமையைப் பொருண்மையில் மாத்திரம் தேடுவோர் இவ்வாறுதான் ஏமாறுகின்றனர்.

மூன்றாம் வழி முதல் நோக்கில் மிகக் கொடியது. பேனையின் நெஞ்சையே பிடுங்கி வேறு நெஞ்சு வைப்பது போன்றது. ஆயின் கழற்றிய நிப்பு கெடாமல் இருக்கின்றது. சிறு துளையுடைய கட்டையில் கழுத்தை நிறுத்தி, மெல்லத் தட்டி எடுத்த நிப்பை ஒரு தாளில் மடித்து, எப்பேனைக்குரியது, எப்போது கழற்றியது எனக் குறித்து வைத்தால், அடுத்த தலைமுறையினர் விரும்பின் அதனை மீண்டும் பொருத்தலாம். மாற்றம் பெரிதாயினும் மீட்கத்தக்கது. உரைத்தல் சிறிதாயினும் மீட்கவியலாதது. ஆகவே பழுதுபார்ப்பவரின் செயலை அளக்கும் கோல் அவர் எவ்வளவு மாற்றினார் என்பதன்று. பின்வருவோர் அதனை மீட்க எவ்வளவு இடம்வைத்தார் என்பதே.

இவ்வுண்மையைப் பேனைத் தொழில் தன் அரக்கினாலேயே அறிந்திருந்தது. மைப்பையைக் கழுத்தோடு ஒட்டுவதற்குப் பழைய தொழிலாளர் பயன்படுத்தியது அரக்கு. அது மைக்கு இளகாது. மிதமான சூட்டுக்கு இளகும். பை நொறுங்கும் காலம் வரும், அப்பொழுது வேறொருவர் இதனைத் திறக்க வேண்டியிருக்கும் என்னும் எண்ணம் அவ்வொட்டிலேயே அடங்கியுள்ளது. கணப்பொழுதில் இறுகும் இக்காலப் பசையால் கழுத்தை ஒட்டுபவர் இன்றைய கசிவை நிறுத்திவிடுவார். ஆனால் நாளை திறக்க முயல்பவர் கையில் உடல் வெடிக்கும். இன்று பேனை இவ்விருவரிடமிருந்தும் ஒரேவிதமாகவே எழுதும். வேறுபாடு, வரவிருக்கும் முகமறியா ஒருவரை நினைத்தார், நினையார் என்பதிலேயே உள்ளது.

முற்றாக மீட்கத்தக்க செயல் என ஒன்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். புதிய நிப்பின் வளைவுக்குப் பொருந்துமாறு எபனைற்று நாக்கைச் சூட்டில் இளக்கி அழுத்த நேரும். பழைய நிப்பு திரும்பி வரும்போது அதற்காக மறுபடியும் அழுத்த வேண்டும். ஒளியிலும் ஈரத்திலும் பழுப்பேறிய எபனைற்று உடலை மெருகேற்றிக் கறுப்பாக்குபவர், ஆக்கியோன் பொறித்த எழுத்துகளையும் உடன் தேய்த்துவிடுகின்றார். ஆதலின் மீட்சி என்பது உண்டு, இல்லை என்னும் இருமை அன்று; அளவு பற்றியது. அளவு பற்றியதாதலாலேயே அது விதியால் அன்றி நிதானத்தால் தீர்க்கப்பட வேண்டியதாகின்றது.

மீட்க இடம்வைத்தலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. செய்ததைச் சொல்லுதலும் வேண்டும். ஒரு நிறுவனத்தின் உடலில் வேறொரு நிறுவனத்தின் நிப்பைப் பொருத்தி எழுதுவதில் குற்றம் யாதுமில்லை. அதனையே மாறாத பழம்பேனை என விற்பதில் குற்றம் உண்டு. பொருள் பொய் சொல்வதில்லை. பொருளைப் பற்றி வாளாதிருக்கும் மனிதரின் மௌனமே பொய்யாகின்றது. கட்டடங்களின் மீட்பு பற்றி 1964இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனம் இந்நெறியைத் தெளிவாகக் கூறுகின்றது. அழிந்த பகுதிக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைய வேண்டும். அதேவேளை பழையதினின்றும் பிரித்தறியத்தக்கதாயும் இருக்க வேண்டும். இவ்விரண்டனுள் இசைவு மாத்திரம் இருப்பின் அது ஏமாற்று. வேறுபாடு மாத்திரம் இருப்பின் அது ஒட்டு.

இந்நெறி தமிழ்க் கல்வியுலகுக்குப் புதியதன்று. ஏடு பார்த்துப் பதிப்பித்த அறிஞர் செய்ததும் ஒருவகைப் பழுதுபார்த்தலே. சிதைந்த பாடத்தை அவர்கள் விடுத்து, சிறந்ததெனக் கண்ட பாடத்தை ஏற்றனர். ஆயின் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் விடுத்த பாடங்களைப் பாடபேதங்களாகக் குறித்துவைத்தனர். தம் தெரிவு தவறாயின் பின்வருவோர் அதனைத் திருத்துவதற்கு அக்குறிப்புகளே வழி. இதற்கு மறுபுறமும் உண்டு. பழுதுற்ற ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடும் வழக்கம் முன்னர் நிலவிற்று. படியெடுத்த பின் விடப்பட்ட ஏடாயினும், படியெடுத்தோன் பிழைத்திருப்பின் ஒப்புநோக்குவதற்கு மூலம் இல்லாதுபோயிற்று. வடிவம் காப்பாற்றப்பட்டது, பொருண்மை எதற்கு என எண்ணியதன் விளைவு அது. கழற்றிய நிப்பை எறிபவரும் இத்தவற்றையே சிறிய அளவில் செய்கின்றார்.

இவ்வாதத்துக்கு விலக்கும் ஒன்று உண்டு. 1945 செப்டெம்பர் 2ஆம் திகதி டோக்கியோக் குடாவில் யப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டபோது ஜெனரல் மக்ஆதர் பல பேனைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, முதலாவதை வெயின்றைற்றுக்கும் அடுத்ததைப் பேர்சிவலுக்கும் அளித்தார். இருவரும் யப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த தளபதிகள். இத்தகைய பேனையின் மதிப்பு, அது இனி எழுதப்போவதில் இல்லை. ஒருமுறை எழுதியதில் உள்ளது. அதன் நிப்பை மாற்றினால் எஞ்சுவது மற்றெந்தப் பேனையையும் ஒத்த ஒரு பேனையே. ஆகவே எழுதாத பேனை பெயரளவிற் பேனை என்னும் கூற்று இங்குப் பொருந்தாது. இப்பொருள் பேனையாயிருத்தலை விட்டுச் சான்றாகிவிட்டது. ஆயின் எல்லாப் பழைய பொருளையும் சான்றாக்கிப் பெட்டியிற் பூட்டுவோர், அவற்றைப் பேணுவதாக எண்ணிக்கொண்டு அவற்றின் வாழ்வை முடித்துவைக்கின்றனர். எது சான்று, எது கருவி எனப் பிரித்தறிதலே பழுதுபார்ப்பவரின் முதற் கடமையாகும்.

சிறு பேனை ஒன்றுக்கு இத்துணை ஆராய்ச்சி தேவையா எனச் சிலர் கேட்கலாம். குமிழ்முனைப் பேனை மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் மையுடன் முழுவதையும் எறிந்துவிடும் பழக்கத்தில் வளர்ந்தவர்க்கு மேற்கூறிய வினாக்கள் எழவே மாட்டா. எது மாறலாம், எது மாறலாகாது, எவருக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்பவற்றை அவர் எப்பொருளிடத்தும் பயின்றதில்லை. சிறு பொருளில் பயிலாத நிதானம் பெரும் பொருளில் திடீரெனத் தோன்றுமா என்பது ஐயத்துக்குரியது.

அன்றியும், பழுதுபார்த்தலுக்கு முந்தியது பேணுதல். காலந்தோறும் குளிர்நீரை உள்வாங்கி வெளியேற்றி, நீர் தெளியும்வரை கழுவுதல். நெடுநாள் எழுதாதிருக்க நேரின் மையை வெறுமையாக்கி வைத்தல். வெந்நீரையும் மதுசாரத்தையும் விலக்குதல்: இவையே பேனையைப் பேணும் வழிகள். இவற்றைச் செய்பவரின் பேனைக்குப் பழுது பிந்தியே வரும். வரைதலுக்குரிய இந்திய மையை ஊற்றுப்பேனையில் இடலாகாது என்பதும் இவற்றுள் ஒன்று. அம்மைகள் பலவற்றில் அரக்குக் கலந்துள்ளமையால், உலர்ந்தபின் நாக்கின் நுண் வாய்க்கால்களை அது அடைத்துவிடும். கழுத்தில் இருந்து பேனையைக் காக்கும் அதே அரக்கு வாய்க்காலில் இருந்து அதனைக் கொல்கின்றது. பொருள் ஒன்றே, இடமே நன்மை தீமையை வகுக்கின்றது. நிப்பு மாற்றத்துக்கும் இது பொருந்தும். மாற்றம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. எழுதுவதற்காகச் செய்யப்பட்டு, மீட்க இடம்வைத்து, மறைக்காது சொல்லப்படுமாயின் அது பேணுதலின் தொடர்ச்சியாகும். இம்மூன்றும் இல்லாதவிடத்து அது அழித்தலாகும்.

அப்பேனை அதே பேனைதானா என்னும் வினா இறுதிவரை தீராதிருக்கலாம். புளூட்டாக்கின் காலத்தில் தீராதது இன்றும் தீரவில்லை. எனினும் புதிய நிப்புடன் எழுதும் பேனை ஒருவர் சட்டைப்பையிலும், பழைய நிப்பு பெயரும் திகதியும் குறித்த தாளில் மடிக்கப்பட்டு அவர் மேசை இலாச்சியிலும் இருக்குமாயின், அவர் தம் பாட்டனாருக்கும் தம் கைக்கும் இன்னும் பிறவாத பேரனுக்கும் ஒருங்கே நியாயம் செய்தவராவார்.